தோவாளைக்காரியுடன் ஒரு ஆட்டம்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், காட்டுக்குள் ஒரு குடிசை இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு இதைப் படிக்க வந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இந்தக் குருவுக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை. பெயர் பெனாசிர். ஆரல்வாய்மொழியில் மருந்துக் கடை வைத்திருந்தாள். சீடருக்கோ ஐம்பதைத் தாண்டிவிட்டது. பெயர் தாணுலிங்கம். காற்றாலைக் கம்பெனி ஒன்றின் கண்ட்ரோல் ரூமில் வேலை. பிரஷர் மாத்திரை வாங்க வந்த மனுஷன் சீடராகிப் போனார்.

அந்த ஊரில் மத்தியான நேரம் கடைக்கு ஆள் வராது. காற்றுக் காலத்தில் கேட்கவே வேண்டாம். கணவாய் வழியாக வருகிற காற்று மண்ணை அள்ளிக் கண்ணில் போடும். பெனாசிர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனில் சீட்டு ஆடுவாள். புருஷன் சவூதியில், தம்மாமில் இருந்தான். வெள்ளிக்கிழமை பேசுவான். மற்ற நாளெல்லாம் அவளுக்குச் சீட்டுதான் துணை.

சீட்டு என்றதும் காசு வைத்து ஆடுகிறாள் என்று பழி போட்டுவிடாதீர்கள். இது வேறு. நாற்படை என்று பெயர். ஆளுக்கொரு கோட்டை, ஆளுக்கு முப்பது சீட்டு. அந்த முப்பதையும் நாமே பொறுக்கிக் கட்டாகச் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வீரன் இருப்பான், இல்லாவிட்டால் ஒரு மிருகம். நம் முறை வரும்போது அவர்களை இறக்கி எதிராளியின் கோட்டையை இடிக்க வேண்டும். ஆட்டத் தொடக்கத்தில் சின்னச் சீட்டுகளைத்தான் இறக்க முடியும். பெரிய சீட்டை இறக்கும் வலு போகப் போகத்தான் வரும். அந்தப் பெரிய சீட்டுகள் காசு போட்டு வாங்குகிறவர்களிடம் குவிந்து கிடக்கும். ஓசியில் ஆடுகிறவனுக்குக் காலாளும் வேட்டைநாயும்தான்.

தாணுலிங்கம் ஓசியில் ஆடுகிறவர். பெனாசிரும் அப்படித்தான். ஆனால் அவள் பவளப் படியில் இருந்தாள். அதற்கு மேல் படி கிடையாது. இவர் களிமண் படியில் கிடந்தார். அதற்குக் கீழே படி கிடையாது.

அன்று மாத்திரைக்குக் காத்து நின்றவர் அவள் போனை எட்டிப் பார்த்துவிட்டார்.

"நீயும் நாற்படையா பிள்ளே?"

"நீங்களுமா அண்ணாச்சி? நல்ல கூத்து."

"பவளப் படின்னு போட்டிருக்கே. எவ்வளவு காசு போட்டே?"

"ஒத்தப் பைசா போடல."

"சும்மா கதை விடாதே."

அவள் தன் கட்டைத் திறந்து காட்டினாள். எல்லாம் சாதாச் சீட்டு. காலாள், கவண்காரி, வேட்டைநாய், முரசுக்காரன். தாணுலிங்கம் தன்னிடமும் அவை அத்தனையும் இருப்பதைப் பார்த்தார். குப்பை என்று ஒதுக்கி வைத்திருந்தார்.

"எனக்குக் கத்துத் தருவியா? எனக்கும் அந்தப் படிக்கு வரணும்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

சும்மா என்று சொல்லும்போது அவர் குரல் உள்ளே போய்விட்டது. பெனாசிர் கவனித்தாள். கேட்கவில்லை.

அவள் கேட்காவிட்டால் போகிறது, நாம் சொல்லிவிடுவோம். தாணுலிங்கத்துக்கு ஒரு மகள். ரெம்யா. கோயம்புத்தூரில் வேலை. அப்பாவோடு பேச்சு கிடையாது. அவர் நம்பரைப் பிளாக் செய்து வைத்திருந்தாள். போன வருஷம் காற்றுக் காலத்தில்தான் தாணுலிங்கத்தின் மனைவி பகவதியை நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். காற்றுக் காலத்தில் கண்ட்ரோல் ரூம்காரனுக்கு லீவு கிடையாது. வருஷம் முழுக்க ஓடாத காத்தாடியெல்லாம் அப்போதுதான் ஓடும். மாற்று ஆள் சாயங்காலம் வருவான், வந்ததும் கிளம்பிவிடலாம் என்று இவர் கணக்குப் போட்டார். மகள் போன் செய்தபோதெல்லாம் "இந்தா வந்துட்டேன்" என்றார். இவர் போய்ச் சேர்ந்தபோது பகவதி இல்லை.

"அம்மா கடைசி வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்தா" என்றாள் ரெம்யா. அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மச்சினன் ஒருத்தன் மூலமாக ஒரு தகவல் வந்தது. அவள் நாற்படை ஆடுகிறாளாம். பவளப் படியில் இருக்கிறாளாம். தோவாளைக்காரி என்று பெயர் வைத்திருக்கிறாளாம். தோவாளை பகவதியின் ஊர். ஆடி மாசத்தோடு இந்த சீசன் முடிந்ததும் ஆட்டத்தை விட்டுவிடப் போகிறாளாம். புது வேலைக்குச் சேர்கிறாள், நேரம் இருக்காதாம்.

நாற்படையில் ஆளைத் தேடிப் போய் ஆட முடியாது. ஒரே படியில் இருக்கிற இரண்டு பேரை அதுவாகக் கோத்துவிடும். களிமண்ணில் கிடக்கிறவன் பவளத்தில் இருக்கிறவளை எந்தக் காலத்திலும் பார்க்க மாட்டான். தாணுலிங்கம் ஏற வேண்டும். ஆடி முடிவதற்குள் ஏற வேண்டும். உலகத்தில் மகள் இருக்கிற இடத்துக்குப் போக அவருக்கு அந்த ஒரு வழிதான் மிச்சம் இருந்தது.

மறுநாள் மத்தியானம் தன் கட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"நல்ல சீட்டு இல்லாம ஜெயிக்க முடியுமா பிள்ளே? என்கிட்ட உருப்படியா ஒண்ணுதான் இருக்கு. வெண்கல யானை. எப்படியோ அதிர்ஷ்டத்துல விழுந்துது. அதை நம்பித்தான் ஓடுது."

பெனாசிர் எழுந்து கடையின் சின்ன ஃபிரிட்ஜைத் திறந்தாள். பின்னால் கையை விட்டு ஒரு பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள். சில்லென்று இருந்தது.

"என்னது?"

"ஊசி மருந்து. இந்தக் கடையிலேயே விலை கூடின சாமான் இதுதான்."

"யாருக்கு?"

"யாருக்கோ. என்னைக்காவது ஒருத்தர் கேட்டு வருவாருன்னு வாங்கி வச்சேன். இதுக்காகவே ஃபிரிட்ஜை அணைக்காம வச்சிருக்கேன். தேதியைப் பாருங்க."

பார்த்தார். தேதி முடிந்து ரொம்ப நாளாகியிருந்தது.

"இத்தனை நாளா இந்தக் கடையை ஓட்டினது எது தெரியுமா?" என்றாள். அப்போது ஷட்டருக்கு அடியில் குனிந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, பிள்ளைக்குக் காய்ச்சல் மாத்திரை வேண்டும் என்றார். பெனாசிர் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டிக் கொடுத்து அனுப்பினாள். திரும்பி வந்து உட்கார்ந்து தன் ஆட்டத்தைத் தொடர்ந்தாள்.

தாணுலிங்கம் பெட்டியைக் கவுண்டர்மேல் வைத்தார். பிறகு போனை எடுத்து வெண்கல யானையைக் கட்டிலிருந்து நீக்கினார். பல்லைப் பிடுங்கினதுபோல் முகத்தை வைத்துக்கொண்டுதான் நீக்கினார்.

"இப்ப எதைச் சேர்க்க?"

"முரசுக்காரனைப் படிச்சுப் பாருங்க."

படித்தார். முரசுக்காரனுக்கு அடிக்கத் தெரியாது. அவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு வலு கூடும். அவன் பாட்டுக்கு நின்றால் ஒன்றும் நடக்காது.

"இவன் ஒண்ணுக்கும் ஆகாதவனால்லா இருக்கான்."

"தனியா நின்னா."

"கூட யாராவது நின்னா?"

"அதைத்தான் நீங்க பாக்கணும். உங்க கட்டுல ஒவ்வொரு சீட்டும் இன்னொரு சீட்டுக்காக இருக்கணும். தனக்காக மட்டும் இருக்கிறதைத் தூக்கிப் போட்டிருங்க. காசு இல்லாதவனுக்கு அதை வச்சுக்க வசதி கிடையாது."

அன்று சாயங்காலம் வரை பொறுக்கினார். காலாளை இரண்டாகச் சேர்த்தார். கவண்காரியை முரசுக்காரனுக்குத் துணையாக வைத்தார். நாய் விழுந்தால் குட்டி வரும் என்று ஒரு சீட்டில் எழுதியிருந்தது. அதையும் சேர்த்தார். கட்டு பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது. படம்கூட அழகாக இல்லை. ஆனாலும் ஏதோ ஒரு வீட்டில் நாலு பேர் சேர்ந்து இருக்கிறது மாதிரி இருந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது. தன் வீட்டில் இப்போது ஒரு தட்டுதான் கழுவ வேண்டியிருக்கிறது என்பது அந்த நேரத்தில் ஏன் ஞாபகம் வர வேண்டும், வந்தது.

கொஞ்சம் ஏறினார். மரப் படி, செம்புப் படி. அப்புறம் நின்றுவிட்டது. ஏறுவார், இறங்குவார். தலைகீழாக நின்றாலும் அதே இடம்.

"கட்டு சரியாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல போல" என்றார் ஒரு நாள்.

"எனக்கு முன்னாலேயே ஒண்ணு ஆடுங்க."

ஆடினார். தோற்றார். பெனாசிர் திரையை எட்டிப் பார்த்தாள்.

"தோத்தப்போ உங்க கையில நெறைய சீட்டு இருந்துதே. எதுக்கு வச்சிருந்திய?"

"அப்புறம் தேவைப்படும்லா."

"எப்புறம்?"

தாணுலிங்கம் பக்கமும் நியாயம் உண்டு. கண்ட்ரோல் ரூமில் அவருக்குப் பழக்கிக் கொடுத்ததே அதுதான். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தால் எதையும் தொடாதே. சிவப்பு விளக்கு எரிந்தால் பார்த்துக்கொள்ளலாம். பொத்தான்களுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். நல்ல ஆப்பரேட்டர் என்று பெயர் எடுத்தவர். அவசரப்பட்டு எதையும் அழுத்தாத கை என்று மேனேஜரே சொல்லியிருக்கிறார்.

பெனாசிர் தன் போனைக் கீழே வைத்தாள்.

"எங்க வாப்பாகிட்ட ஒரு குடை இருந்துது. சிங்கப்பூர்ல இருந்து ஒரு சொந்தக்காரர் கொண்டு வந்தது. அவருக்கு அதுமேல உசுரு. இந்த ஊர்க் காத்துல விரிச்சா கம்பி ஒடிஞ்சு போவும்னு விரிக்கவே மாட்டாரு. மழையில நனைஞ்சுக்கிட்டு, குடையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வருவாரு. ஊரே சிரிக்கும். அவருக்குக் கவலை இல்ல."

"பெறவு?"

"காய்ச்சல்ல மௌத்தாயிட்டாரு. குடை இப்பவும் புதுசாத்தான் இருக்கு."

தாணுலிங்கம் சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"பணக்காரன் காத்திருக்கலாம் அண்ணாச்சி. அவன்கிட்ட யானை இருக்கு, கடைசியில வரும். நம்ம கட்டுல கடைசியில வர்றதுக்கு யாரும் இல்ல. நம்மகிட்ட இருக்கிறதெல்லாம் இப்பவே இறங்குறதுக்குத்தான்."

அன்றிலிருந்து இறக்கினார். முறை வந்தால் ஏதாவது ஒன்றை இறக்காமல் விடவில்லை. முதலில் போய்விடுமே, போய்விடுமே என்று இருந்தது. போகத்தான் செய்தது. ஆனால் எதிராளியின் கோட்டையும் போனது. பெரிய பெரிய பெயர் வைத்துக்கொண்டு தங்கச் சட்டம் போட்ட சீட்டுகளோடு வந்தவர்கள், தங்கள் யானைக்காகக் காத்துக்கொண்டிருக்கும்போதே இவருடைய நாய்க்குட்டிகள் அவர்கள் கோட்டையைக் கடித்து முடித்துவிட்டன. ஒருத்தன் ஆத்திரத்தில் ஆட்டத்தின் நடுவிலேயே ஓடிப்போனான். வெள்ளிப் படி வந்தது. தங்கப் படி வந்தது. தாணுலிங்கம் கண்ட்ரோல் ரூமில் தனியாக உட்கார்ந்து கைதட்டினார். கேட்பதற்குக் காத்தாடிகள்தான் இருந்தன.

ஆடி பிறந்தது. வைரப் படியில் நின்றுகொண்டு அவர் கடைக்கு வந்தார். அன்று பெனாசிர் கேட்டுவிட்டாள்.

"இப்பவாவது சொல்லுங்க. யாரைத் தேடிப் போறிய?"

"எப்படித் தெரியும்?"

"ஜெயிச்சா சந்தோஷப்படுதிய, சரி. அடுத்த நிமிஷமே முகம் வாடிப் போகுது. வெறும் படிக்காக ஏறுறவன் முகம் அப்படி இருக்காது."

தாணுலிங்கம் சொன்னார். ஆஸ்பத்திரி, மாற்று ஆள், இந்தா வந்துட்டேன், வாசல், எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது கவுண்டர் கண்ணாடியை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் தூசி இல்லை.

"எனக்கு அவகிட்ட நியாயம் பேச வேண்டாம் பிள்ளே. அவ என்னை மன்னிக்கவும் வேண்டாம். ஒரு ஆட்டம். அந்தப் பக்கம் அவ இருக்கா, இந்தப் பக்கம் நான் இருக்கேன். அது போதும். வீட்டுல நான் இருமினாகூட என் சத்தம் எனக்கே திரும்பி வருது. தாங்க முடியல."

பெனாசிர் ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கினாள். வெளியே ஏதோ தகரம் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"ஆட்டத்துல உங்க பேரு என்ன?"

"அது கொடுத்த பேருதான். வீரன், பின்னால ஏதோ நம்பரு."

"மாத்தி உங்க பேரைப் போடுங்க."

"ஐயோ, வேண்டாம். நான்னு தெரிஞ்சா அவ ஆட்டத்தை மூடிட்டுப் போயிருவா."

"அப்போ அவகூட ஆடப் போறது யாரு?"

தாணுலிங்கம் மாத்திரையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பெயரையும் மாற்றவில்லை.

ஆடி பாதியில் பவளப் படிக்கு ஏறினார். ஏறின பிறகுதான் தெரிந்தது, அங்கே ஆயிரக்கணக்கான பேர் இருந்தார்கள். யார் யாரோடோ கோத்துவிட்டது. மலேசியாக்காரன் வந்தான், கொழும்புக்காரி வந்தாள், இன்னும் யார் யாரோ வந்தார்கள். ஒவ்வொரு முறையும் எதிராளியின் பெயர் தெரிவதற்கு முன்னால் ஒரு சக்கரம் சுற்றும். அது சுற்றுகிற நேரத்தில் தாணுலிங்கம் மூச்சு விடமாட்டார். தோற்றால் கீழே இறங்கிவிடுவார் என்பதால் ஜெயித்துக்கொண்டும் இருக்க வேண்டியிருந்தது. அந்த வயசில் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி ஆகிவிட்டது பாவம்.

சீசன் முடிய ஒரு வாரம்கூட இல்லாத ஒரு மத்தியானம், கண்ட்ரோல் ரூமில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கினார். சக்கரம் சுற்றி நின்றது.

தோவாளைக்காரி.

சோறு அப்படியே கிடந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார். அவளேதான். பகவதியின் ஊர்ப் பெயரைப் போட்டுக்கொண்டு அவர் மகள் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

அவள் ஒரு காலாளை இறக்கினாள். இவர் பழக்கத்தில் நாயை இறக்கினார். அவள் கவண்காரி. இவர் முரசுக்காரன். அவளும் ஓசியில் ஆடுகிறவள்தான். இரண்டு கட்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. அவள் யோசித்து யோசித்து ஆடினாள். சின்ன வயசில் பல்லாங்குழி ஆடும்போதும் அப்படித்தான், காயைக் கையில் வைத்துக்கொண்டு உதட்டைக் கடிப்பாள். இப்போதும் கடிப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஆட்டம் அவர் பக்கம் சாய்ந்தது. அவள் கோட்டையில் பாதி இடிந்துவிட்டது. கையில் இருந்த சீட்டைப் பார்த்தார். இன்னும் இரண்டு முறை இறக்கினால் முடிந்துவிடும்.

இவளைத் தோற்கடிக்கவா இவ்வளவு தூரம் ஏறி வந்தேன் என்று தோன்றியது. மாட்டேன். என் பிள்ளை ஜெயிக்கட்டும். இவளுக்கு நான் எதைக் கொடுத்தேன், இதையாவது கொடுக்கிறேன்.

போனை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அவர் முறை வந்தது. ஒன்றும் இறக்காமல் இருந்தார். நேரம் முடிந்து முறை அவளுக்குப் போனது.

அவள் அடிக்கவில்லை. அவளும் ஒன்றும் செய்யாமல் தன் முறையை விட்டுவிட்டாள்.

யோசிக்கிறாள் போல என்று தாணுலிங்கம் நினைத்தார். திரும்ப அவர் முறை வந்தது. அசையாமல் இருந்தார். அவள் திரும்பவும் அடிக்காமல் விட்டாள். பிறகு அவள் கோட்டைக்கு மேலே ஒரு சின்ன வட்டம் எழுந்தது. அதில் ஒரு சொல் இருந்தது.

வணக்கம்.

நாற்படையில் நினைத்ததைப் பேச முடியாது. விளையாட்டே சில சொற்களைக் கொடுத்திருக்கிறது. வணக்கம், அருமை, அடடா, மன்னிக்க, நன்றி. வேண்டியதைத் தொட்டால் எதிராளிக்குப் போகும். அவ்வளவுதான் பேச்சு.

தாணுலிங்கம் அந்த வணக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு மகளிடமிருந்து ஒரு சொல். கண்ணில் நீர் முட்டியது. அவர் விரல் மன்னிக்க என்ற சொல்லுக்கு மேலே போய் நின்றது. தொடவில்லை. இப்போது சொன்னால் என்ன ஏது என்று குழம்புவாள், முதலில் ஜெயிக்கட்டும், ஜெயித்த சந்தோஷத்தில் இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

வட்டம் மறைந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனது. அப்புறம் அவள் ஆட்களெல்லாம் ஒன்றாகப் பாய்ந்தார்கள். அடுத்த முறையும் பாய்ந்தார்கள். தாணுலிங்கத்தின் கோட்டை விழுந்தது. அவர் அவசரமாக விரலைக் கொண்டுபோனார். அதற்குள் திரை மாறிவிட்டது. தோல்வி என்று எழுத்து வந்தது. சொற்கள் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

மறுநாள் கடைக்கு வந்தபோது அவர் தலைமுடியெல்லாம் காற்றில் கலைந்திருந்தது. ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. ஷட்டருக்குள் நுழையும்போதே சொன்னார்.

"பாத்துட்டேன் பிள்ளே. என் மகளைப் பாத்துட்டேன்."

பெனாசிர் கையில் இருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ். ஆடினியளா? யாரு ஜெயிச்சது?"

"நான்தான் ஜெயிச்சிருக்கணும். கையில எல்லாம் இருந்துது. ஆனா விட்டுக் கொடுத்துட்டேன்." சொல்லும்போது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "ஒரு சீட்டுகூட இறக்கல. போனை வச்சுட்டுக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டேன்."

"அவ உடனே அடிச்சாளா?"

"அதான் ஆச்சரியம். அடிக்கல. ரெண்டு முறை சும்மா விட்டா. எதுக்குன்னு தெரியல. நடுவுல எனக்கு வணக்கம் போட்டா பிள்ளே! என் மக எனக்கு வணக்கம் போட்டா."

பெனாசிரின் முகம் மாறியது.

"ஆட்டத்துக்கு நடுவுலயா?"

"ஆமா."

"நீங்க என்ன போட்டிய?"

"ஒண்ணும் போடல. முடிஞ்ச பெறவு மன்னிக்கன்னு போடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள திரை மூடிப்போச்சு. போகட்டும், அதனால என்ன. அவ ஜெயிச்சுட்டாளே."

பெனாசிர் எழுந்து போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

"அண்ணாச்சி, பவளப் படியில உள்ளவங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கீழ்ப் படியில அது கிடையாது, அதனால உங்களுக்குத் தெரியாது. நல்லா ஆடிக்கிட்டு இருந்த எதிராளி திடீர்னு அசையாம நின்னா, லைன் போயிருச்சுன்னு நெனப்போம். ஆள் இல்லாத கோட்டையை அடிக்க மாட்டோம். நம்ம முறையை விட்டுட்டு இருப்போம். ஒரு வணக்கம் போட்டுப் பார்ப்போம், ஆள் திரும்பி வந்துட்டாரான்னு. வரலன்னு தெரிஞ்ச பெறவுதான் முடிப்போம்."

தாணுலிங்கம் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் அவளுக்கு விட்டுத்தானே கொடுத்தேன்?" என்றார். குரல் மெலிந்திருந்தது. "அவளுக்கு அது புரிஞ்சிருக்கும்லா?"

பெனாசிர் அவர் முகத்தைப் பார்த்தாள். சொல்ல வேண்டாமே என்று ஒரு நிமிஷம் நினைத்திருப்பாள் போல. பிறகு சொன்னாள்.

"அவ உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கா அண்ணாச்சி. நீங்க வரல."